புத்தருக்கு வயது கூட்டாதீர்கள்

போன மாதம் ஒரு மாணவர் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். பொன்னாக மின்னும் புத்தர் சிலை. கீழே, "2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பவுத்தச் சிலை, பகிருங்கள்" என்று ஒரு வரி. எங்கே கிடைத்தது, யாரிடம் இருக்கிறது, ஒன்றும் இல்லை. "உண்மையா அண்ணா?" என்று கேட்டிருந்தார். படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது தம்பி என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

முதலில் அந்தப் பொன்னைப் பார்ப்போம். வார்த்த சிலைமேல், பாதரசத்தில் கரைத்த பொன்னைக் குழம்பாகப் பூசித் தீயில் வாட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், பொன் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சிய கொஞ்சம் பாதரசத்தை எக்ஸ் கதிர்க் கருவி காட்டிக்கொடுக்கும். ஆனால் பாதரசம் இருந்தாலே பழையது என்று முடிவு கட்டக் கூடாது. நேபாளத்தின் பாட்டன் நகரக் கைவினைஞர்கள் இன்றும் அப்படித்தான் முலாம் பூசுகிறார்கள். அது செய்முறையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. (அந்தப் புகையை மூச்சில் இழுத்து உடம்பு கெட்ட தொழிலாளிகளைப் பற்றி எந்த ஏலக் கடைக்காரரும் பேசுவதில்லை.)

களிம்பு இன்னும் நல்ல சாட்சி. மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த செம்பில் சிவப்புப் படலமும் அதன்மேல் பச்சைக் களிம்பும் உலோகத்துக்குள் இறங்கி வளர்ந்திருக்கும். போலியில் அமிலமோ சாயமோ பூசியிருப்பார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் சாயம் கையோடு வந்துவிடும். தேய்மானத்தையும் பாருங்கள். கைபடும் பாதமும் முழங்காலும் தேய்வது இயல்பு. விரல் நுழையாத இடுக்கில் முலாம் தேய்ந்திருந்தால் யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள்.

உள்ளே களிமண் வைத்து வார்த்த பொள்ளல் சிலையென்றால், அந்த மண் கடைசியாக எப்போது சுடுபட்டது என்று வெப்ப ஒளிர்வுச் சோதனை சொல்லும். கெட்டியாக வார்த்த சிலையில் அந்த மண்ணே இருக்காது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் தாரா சிலை அப்படிப்பட்டதுதான். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, சுமார் 143 சென்டிமீட்டர், கெட்டி வார்ப்பு, மேலே பொன்முலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்ததாகப் பதிவு. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆளுநர் பிரவுன்ரிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்த ஊர், எந்த விகாரை, கூடவே என்னென்ன கிடைத்தன? பதில் கிடையாது. 8ஆம் நூற்றாண்டு என்று சொல்வது உருவ அமைதியை ஒப்பிட்டுத்தான். எடுத்தவர்கள் சிலையைக் காப்பாற்றினார்கள், அதன் முகவரியைத் தொலைத்துவிட்டார்கள்.

நாகப்பட்டினம் வேறு கதை. 1856 தொடங்கி 1930கள் வரை அந்த ஊர் மண்ணில் சுமார் 350 பவுத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஸ்ரீவிஜய அரசர் அங்கே கட்டிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு பின்னால் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சி நின்ற பழைய கோபுரத்தை 1867இல் அரசு அனுமதியோடு இடித்தே விட்டார்கள். ஆனாலும் சிலைகளுக்கு ஊர் இருக்கிறது. பல பீடங்களில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தை நெருங்கலாம். நியூயார்க் ஏசியா சொசைட்டியில் உள்ள ஒரு நாகப்பட்டினத்துப் புத்தரின் பீடத்தில் 'இராசேந்திரசோழப் பெரும்பள்ளி', 'அக்கசாலைப் பெரும்பள்ளி' என்ற பெயர்கள் வருகின்றன. அக்கசாலை என்றால் பொன்னும் உலோகமும் வேலை செய்யும் பட்டறை. உலைமுன் உட்கார்ந்தவர்களின் பெயரில் ஒரு பவுத்தப் பள்ளி!

இந்தச் சிலைகள் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. 2000 ஆண்டு இல்லையே என்று வருந்துகிறீர்களா? எனக்கு இதுதான் பெரிய செய்தி. சம்பந்தர் காலத்தோடு பவுத்தம் தமிழ் மண்ணைவிட்டுப் போய்விட்டது என்ற பேச்சை இந்தப் பிந்திய சிலைகள்தான் உடைக்கின்றன. அவருக்குப் பிறகும் பல நூறு ஆண்டுகள் இங்கே புத்தருக்கு விழா எடுத்திருக்கிறார்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரை 'இல்லாத மதத்தை இறக்குமதி செய்தவர்' என்று கேலி செய்பவருக்கு, வாட்ஸ்அப் படத்தைவிட ஒரு 13ஆம் நூற்றாண்டுப் பீடம் உறைக்கும். வயதைக் கூட்டிச் சொன்னால் அந்தச் சாட்சியை நாமே அழிக்கிறோம்.

உங்கள் ஊரில் கிணறு தோண்டும்போதோ அடித்தளம் பறிக்கும்போதோ சிலை கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மண்ணோடு, கிடைத்த ஆழத்தோடு, பக்கத்தில் கிடந்த செங்கல்லோடு படம் எடுங்கள். பிறகு வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.