காலில் கட்டிய சீட்டு

செத்த பறவையைப் பாடம் செய்கிறவர் முதலில் அதன் வயிற்றில் கத்தி முனையால் ஒரு கோடு கீறுவார். இறகோடு சேர்த்துத் தோலை மெல்ல உரித்தெடுப்பார். முன்பெல்லாம் பூச்சி அரிக்காமல் இருக்க உட்புறத்தில் ஆர்செனிக் சோப்பைத் தடவுவார்கள். உடல் இருந்த இடத்தில் பஞ்சை வைத்துத் தைப்பார், கண்குழியிலும் பஞ்சுதான். கடைசியில் இரண்டு கால்களையும் குறுக்காக வைத்து நூலால் கட்டி, அதில் ஒரு சிறு சீட்டைத் தொங்கவிடுவார். எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, யார் எடுத்தது என்ற மூன்றும் அதில் இருக்கும்.

கைத்தேர்ச்சியெல்லாம் தையலில் தெரிந்துவிடும். சீட்டில் எழுதியது உண்மையா என்பதை மட்டும் எந்தக் கண்ணாலும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எழுதியவரை நம்பித்தான் ஆகவேண்டும். பறவையியல் என்ற படிப்பே ஒரு காலத்தில் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரை ஒட்டி செயின்ட் லெனார்ட்ஸ் இருக்கிறது. அங்கே ஜார்ஜ் பிரிஸ்டோ என்பவர் துப்பாக்கிக் கடையும் பாடம் செய்யும் தொழிலும் நடத்திவந்தார். 1892 முதல் 1930 வரை அந்த வட்டாரத்தில் சுடப்பட்டதாகச் சொல்லி அபூர்வப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரும்பாலானவை அவர் கடை வழியாகவே வந்தன. தென் ஐரோப்பிய நாணல் காடுகளில் திரியும் சிறு குருவிகள், ஆல்ப்ஸ் போன்ற உயர்ந்த மலைகளை விட்டு இறங்காத ஸ்னோஃபின்ச் எனப் பலவும் சஸெக்ஸ், கென்ட் கடலோரத்துக்கு வந்து குண்டடிபட்டனவாம்.

வெளிநாட்டுப் பறவைக்கு உள்ளூர்ச் சீட்டு கட்டும் இப்படி ஒரு மோசடி நடக்க என்ன தேவை இருந்தது? காசுதான். பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு ‘பிரிட்டனில் சுட்டது’ என்ற வார்த்தை வேண்டியிருந்தது. வேறு நாட்டில் சுட்ட பறவை சில்லறைக்குக் கிடைக்கும். அதே இனத்துக்கு ஓர் ஆங்கிலேய ஊரின் பெயரும் தேதியும் சேர்ந்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும். ஆக, விற்றது பறவையை என்பதைவிட ஊர்ப்பெயரை என்றே சொல்லவேண்டும். விசாரிக்காமல் வாங்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உள்ளூரில் விவரம் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. பாடம் செய்வதற்கு முன்பே, புதிதாகச் செத்த உடல்களாகப் பல பறவைகள் அவர்களிடம் காட்டப்பட்டன. ரத்தம் காயாத உடலைக் கையில் வைத்துப் பார்த்த எவருக்கும் அது வேறு நாட்டிலிருந்து வந்திருக்கும் என்று தோன்றாது. கப்பல்களில் பனிக்கட்டி வைத்த அறைகள் வந்துவிட்ட காலம் அது என்பதைப் பலர் யோசிக்கவில்லை. இனத்தைச் சரியாகச் சொன்ன நிபுணரின் பெயரே இடத்துக்கும் சாட்சியாகிவிட்டது. அவர் உறுதி செய்தது ஒன்று, ஊர் நம்பியது இன்னொன்று.

‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழின் ஆசிரியர் ஹாரி விதர்பி 1916 வாக்கில் தன் சந்தேகத்தைப் பிரிஸ்டோவிடமே தெரிவித்தார். அதற்குப் பிறகு வரத்து குறைந்தது. ஆனால் ஏற்கெனவே அச்சேறிய பதிவுகளை யாரும் தொடவில்லை.

1962 ஆகஸ்டில் அதே இதழ் கணக்கைத் தீர்த்தது. மேக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீஸும் பதிவுகளை ஒவ்வொன்றாக அலசினார்கள். புள்ளியியலாளர் ஜான் நெல்டர் ஹேஸ்டிங்ஸ் எண்ணிக்கையைப் பக்கத்து வட்டாரங்களோடும் பிந்தைய ஆண்டுகளோடும் ஒப்பிட்டார். முதல் முப்பது ஆண்டுகளில் அபூர்வங்கள் இந்த ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தன. பிறகு வந்த முப்பது ஆண்டுகளில் பறவை பார்ப்பவர்கள் பெருகியும் அந்தக் குவியலைக் காணோம். சுமார் 600 பதிவுகள் தள்ளுபடியாயின. 29 இனங்களும் உள்ளினங்களும் பிரிட்டிஷ் பறவைப் பட்டியலிலிருந்து நீங்கின.

பிரிஸ்டோ 1947-இலேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. ஜேம்ஸ் ஹாரிசன் 1968-இல் அவருக்காக வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். நீக்கிய இனங்களில் பெரும்பாலானவை பின்னாளில் உண்மையாகவே பிரிட்டனில் தென்பட்டு, பட்டியலுக்குத் திரும்பியும் வந்தன. கலப்படத்தின் கொடுமையே இதுதான். அந்த 600-இல் சில மெய்யாகவே கரையேறிய பறவைகளாக இருந்திருக்கலாம். பொய்யோடு சேர்த்து அவற்றையும் கொட்டவேண்டியதாயிற்று.

ஹேஸ்டிங்ஸ் சீட்டுகள் ஒரு தீவின் பட்டியலைக் கெடுத்தன. இன்னொருவரின் சீட்டு இந்தியக் காடு ஒன்றில் தேடியவர்களைத் தவறான திசைக்கு அனுப்பியது.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் பறவையியலில் பெரும் பெயர் பெற்றவர். 1954-இல் அவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பறவைகள் ஏறத்தாழ 20,000. அவை எல்லாம் அவர் எடுத்தவை அல்ல என்ற முணுமுணுப்பு வெகுநாளாக இருந்தது. 1993-இல் ஆலன் நாக்ஸ் அதற்கு ஆதாரம் காட்டினார். அடுத்து பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்க ஆய்வாளர், அருங்காட்சியகத்தின் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸுடன் சேர்ந்து அந்தத் தொகுப்பைத் துருவினார்.

அவர்களுக்குச் சாட்சி சொன்னது பாடம் செய்த விதம்தான். தையலிலும் பஞ்சு திணிப்பதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு, கையெழுத்தைப்போல. எக்ஸ்-ரேயில் அது தெரியும். அருங்காட்சியகத்திலிருந்தே திருடிய பறவைகளைப் பிரித்து, மறுபடி அடைத்து, புதுச் சீட்டு கட்டியிருந்தார் மைனர்ட்ஸ்ஹாகன். ஆனால் முதலில் பாடம் செய்தவரின் கை உள்ளே மிச்சம் இருந்தது.

அப்படி அகப்பட்டதுதான் காட்டுச் சிற்றாந்தை. நடு இந்தியாவைச் சேர்ந்த இந்த இனத்துக்கு உலக அருங்காட்சியகங்களில் ஏழே ஏழு உடல்கள்தான் இருந்தன. கடைசியாகக் கிடைத்தது 1914-இல், குஜராத்தின் மாண்ட்வியில் என்றது மைனர்ட்ஸ்ஹாகனின் சீட்டு. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும்கூடத் தேடிப் பார்த்துக் கிடைக்காத பறவை இது. ராஸ்முசென் அந்த உடலை ஆராய்ந்தபோது, ஜேம்ஸ் டேவிட்சன் என்ற ஆட்சிப்பணி அதிகாரி 1880-களில் கான்தேஷ் பகுதியில் எடுத்துப் பாடம் செய்தது அது என்று தெரிந்தது. வெயிலில் அலைந்து எடுத்தவரின் பெயரை அழித்துவிட்டு, அருங்காட்சியகத்தில் எடுத்தவர் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

மாண்ட்வியைக் கணக்கிலிருந்து நீக்கியபின் தேடவேண்டிய இடம் தெளிவானது. 1997 நவம்பரில் ராஸ்முசெனும் பென் கிங், டேவிட் அபட் ஆகியோரும் மெய்யான சீட்டுகள் சொன்ன பழைய இடங்களுக்குப் போனார்கள். கிழக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. மேற்கே திரும்பி, டேவிட்சனின் கான்தேஷுக்கு வந்தார்கள். நவம்பர் 25 அன்று காலை, மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே, இலையில்லாத மரம் ஒன்றில் அந்தச் சிற்றாந்தை உட்கார்ந்திருந்தது. மெய்யான கடைசிச் சீட்டில் இருந்த ஆண்டு 1884. இடையில் 113 ஆண்டுகள் கழிந்திருந்தன.