அத்திரம்பாக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி ஏரிக்கு அருகில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள பழைய கற்காலக் களம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் இந்த ஆற்றை வடசென்னை மக்கள் அனல்மின் நிலையச் சாம்பலோடு சேர்த்தே அறிவார்கள். அதன் மேற்பகுதியில்தான் இந்தியாவின் மிகப் பழைய மனிதத் தடயங்களில் சில கிடைத்தன.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தபோது கைக்கோடாரிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஃபூட் திரட்டியவை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இவ்வகைக் கருவித் தொழில்நுட்பத்தைப் பின்னாளில் அறிஞர்கள் 'மதராஸ்' பெயராலேயே அழைத்தனர்.

இவற்றின் வயது மட்டும் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையில் 1999இல் தொடங்கிய அகழாய்வு அதை மாற்றியது. விண்கதிர் பட்ட குவார்ட்ஸ் மண்ணில் புதைந்ததும் அதிலுள்ள கதிரியக்கப் பெரிலியமும் கதிரியக்க அலுமினியமும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சிய அளவே கடிகாரமாகிறது. அப்படிக் கணித்ததில், 2011இல் வெளியான முடிவின்படி, கைக்கோடாரிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018இல் வந்த ஆய்வு, சிறு செதில் கருவிகளுக்கு மாறிய இடைப் பழங்கற்காலம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது. நவீன மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவந்ததே அந்தத் தொழில்நுட்பம் என்ற கருத்தை இது அசைத்துவிட்டது.

அத்திரம்பாக்கத்தில் மறுபடி கட்டிக் காட்ட வீடுகள் இல்லை. கற்கருவிகளும், களிமண்ணில் பதிந்த விலங்குகளின் குளம்படிகளும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கருவிகளைப் பார்க்கத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பூண்டி அகழ்வைப்பகத்துக்குச் செல்லலாம்.

ஒரு கருவி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. ஓடையில் கைக்கோடாரி ஒன்று கண்ணில் பட்டால் அதை எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.