மூன்றுக்கு இரண்டு என்றிருந்த ஆறு நிமிடங்கள்

2002 யூன் 13, தென்கொரியாவின் சுவோன் நகரம். பிறேசிலிடம் மூன்று கோல் வாங்கிப் பின்னால நிண்ட கொஸ்டாரிக்கா, 56ஆவது நிமிடத்தில் அதை மூன்றுக்கு இரண்டு ஆக்கியது. அதே நேரம் சியோலில் துருக்கி சீனாவை இரண்டுக்குப் பூச்சியம் என வென்றுகொண்டிருந்தது. கணக்குப் பாத்தால் இரண்டு அணிக்கும் கோல் வித்தியாசம் சமன். அடித்த கோல்களில் கொஸ்டாரிக்காவுக்கு ஒன்று கூட. அந்தக் கணத்தில் அடுத்த சுற்று அவர்களுடையது.

கொஸ்டாரிக்காவின் பயிற்றுவிப்பாளர் அலெக்சாந்திரே கிமராயிஸ் பிறந்ததே பிறேசிலில்தான்: 1959, மசெயோ. சிறுவனாகக் குடும்பத்தோடு கொஸ்டாரிக்காவுக்கு வந்து, சப்ரிசா கழகத்துக்கு ஆடி, 1990இல் அந்த நாட்டின் முதலாவது உலகக்கிண்ண அணியில் இடம்பிடித்தார். சேர்பியரான போரா மிலுட்டினோவிச் பயிற்றுவித்த அந்த அணி ஸ்கொட்லாந்தையும் சுவீடனையும் விழுத்தியது. பிறேசிலிடம் ஒரே ஒரு கோலால்தான் தோற்றது. யுவென்ரஸின் ஊரான டூரினில் நடந்த அந்த ஆட்டத்துக்கு அவர்கள் இறங்கியது யுவென்ரஸ் மாதிரியே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோட. உள்ளூர்ச் சனத்தின்ர கைதட்டல் சும்மா வருமே!

அந்த பிறேசில் ஆட்டம் நடந்த நாளுக்குச் சரியாகப் பதினொரு வருசம் கழித்து, 2001 யூன் 16 அன்று, கிமராயிஸின் அணி அஸ்டெக்கா மைதானத்தில் மெக்சிக்கோவை 2-1 என வென்றது. உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் மெக்சிக்கோ அங்கே தோற்றது அதுதான் முதல்முறை. வெற்றிக் கோலை அடித்தவர் 1990 அணியில் கூட ஆடிய ஹெர்னான் மெட்போர்ட். அடுத்த வருசம் உலகக்கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் எதிரே சீனா. அதன் பயிற்றுவிப்பாளர் யார் எண்டால், அதே போரா! குருவை 2-0 என வென்றபிறகு துருக்கியோடு சமநிலை. பிறகுதான் சுவோன்.

அங்கே சமநிலை ஒன்றே போதும். பின்னுக்கு நிண்டு ஆடியிருக்கலாமே எண்டு கேட்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மூன்று கோல் வாங்கின அணி பின்னுக்கு நிண்டிருந்தால் அந்த இரண்டு கோலும் எங்கிருந்து வந்திருக்கும்? 62இல் ரிவால்டோ, 64இல் யூனியர் அடிக்க, 5-2. கொஸ்டாரிக்கா வீட்டுக்குப் போக, துருக்கி மூன்றாமிடம் வரை போனது.

2006 உலகக்கிண்ணத்திலும் அவர்தான் பயிற்றுவிப்பாளர். மூன்று ஆட்டத்திலும் தோல்வி. 2016இல் மும்பை சிற்றி அணியை இந்திய சுப்பர் லீக் புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து அரையிறுதியில் தோற்றார். கொலம்பியாவின் அமெரிக்கா டி காலியை 2019 டிசெம்பரில் சம்பியனாக்கியபோது அவருக்கு வயது 60.