கல்லில் எழுதிய கணக்கும் கிருபையின் அழைப்பும்

வேத பகுதி: பிலிப்பியர் 3:4-14, லூக்கா 19:1-10



நம் உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் காணத் தொலைதூரத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். நாமோ அன்றாடம் அவ்வழியே கடந்து போகிறோம். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச்சபை வகுத்த விதிகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஆண்டு வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் ஏரி வாரியத்திற்கும் உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர்.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இரண்டு பட்டியல்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது, தகுதிகளின் பட்டியல்: கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி. இரண்டாவது, விலக்கப்பட்டோரின் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவர் மட்டுமல்லர், தகப்பன், மகன், மருமகன், அத்தை மக்கள் என உறவினரும் விலக்கப்பட்டனர். சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மை அடைந்தவரின் பெயரும் ஆயுள் முழுவதும் குடத்தில் இடப்படவில்லை.

ஊரின் பொதுப்பொருளைக் காக்க அம்முன்னோர் கொண்ட கண்டிப்பு போற்றத்தக்கதே. ஆனால் மனிதன் தேவனுடைய சமுகத்தில் வந்து நிற்பதற்கும் இதுவே விதியானால், நம்மில் யாருடைய பெயர் அந்தக் குடத்தில் இருக்கும்?

அப்போஸ்தலனாகிய பவுலிடம் இவ்விரண்டு பட்டியல்களும் இருந்தன. எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயருக்குரிய ஒழுக்கம் ஆகியவை அவருடைய பெருமைகள். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவலாய் நின்றதும், வீடுவீடாய்ப் புகுந்து விசுவாசிகளை இழுத்துச் சென்றதும் அவருடைய குற்றங்கள். பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதும்போது, பின்னானவற்றை மறந்து முன்னானவற்றை நாடுவதாக அவர் கூறுகிறார். அவர் நினைவை இழந்துவிடவில்லை. அதே அதிகாரத்தில் தம் கடந்த காலத்தை வெளிப்படையாகவே எழுதி வைக்கிறார். தம் பெருமையின் மீது சாய்ந்திருக்கவும் இல்லை. தம் குற்றத்தினால் கட்டுண்டு கிடக்கவும் இல்லை. வேதம் கூறும் மறத்தல் இதுவே.

அப்படியானால் பழைய கணக்கு தீர்க்கப்படாமலே போகுமோ என்று நீங்கள் கேட்கலாம். எரிகோவின் ஆயக்காரர் தலைவனாகிய சகேயுவைப் பாருங்கள். அவனும் ஊரார் முன் கணக்குக் காட்ட வேண்டியவனே. உத்திரமேரூரில் கணக்கு முதலில் வந்தது; தகுதி அதன் பின் வந்தது. எரிகோவிலோ அழைப்பு முதலில் வந்தது. இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கச் சென்றார். அதன் பின்னரே அவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தவும் முன்வந்தான். ஆகவே, கடந்த காலத்தை விட்டுவிடுதல் கடனிலிருந்து தப்பி ஓடுதலன்று. மன்னிக்கப்பட்டவனுக்கே கணக்கை அச்சமின்றித் திறந்து வைக்கும் துணிவு பிறக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். குலப்பெருமையும் கல்விப்பெருமையும் இனித் தமக்கு ஆதாரமல்ல என்று அவர் கீழே வைத்தார். ஆனால் கம்பனிடம் கற்ற தமிழை அவர் இகழவில்லை; தேவனும் அதை வீணாக்கவில்லை. ஜான் பனியனின் நூலைத் தழுவி, அழிவின் நகரை விட்டுப் புறப்படும் ஒரு பயணியின் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ எனும் காப்பியமாக அவர் பாடினார்; அது 1894-இல் வெளிவந்தது. நாம் கைவிடுவதைத் தேவன் சுத்திகரித்துத் தம் ஊழியத்திற்கென மீண்டும் நம் கையில் தருவதும் உண்டு.

பிரியமானவர்களே, இவ்வாரம் இரண்டு காரியங்களைச் சிந்தியுங்கள். முதலாவது, என்றோ செய்த தவற்றை எண்ணித் திருவிருந்துக்கு வரத் தயங்குகிறவர் உங்களில் இருந்தால், கர்த்தர் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதை நம்புங்கள். பின்பு, திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவாயினும் அதைக் கொடுங்கள். ஒப்புரவாக வேண்டியவரிடம் செல்லுங்கள். இரண்டாவது, நாம் பிறருக்கு விரோதமாகக் கல்வெட்டு வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். மனந்திரும்பி வந்தவரைக் கண்டதும், ‘இவர் இன்னாருடைய மகன் அல்லவா, இவர் தகப்பன் செய்ததை அறியோமா’ என்று ஆலய வாசலில் முணுமுணுக்கும்போது, கிறிஸ்து திறந்த கதவை நாம் அடைக்கிறோம். பொறுப்புகளை ஒப்படைக்கையில் சபை விவேகமாய் நடக்கட்டும். ஆனால் ஒருவரையும் அன்பிலிருந்து விலக்கி வைக்காதிருப்போமாக.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, எங்கள் பெருமையையும் எங்கள் வெட்கத்தையும் உமது பாதத்தில் வைக்கிறோம். எங்களை மன்னித்ததுபோல நாங்களும் மன்னிக்கவும், உம்மைப் பின்பற்றி முன்னே நடக்கவும் பெலன் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.