'முழுதானிய' குக்கீஸில் தானியம் எவ்வளவு? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

2021 டிசம்பரில் சென்னை மணலியில் ஒருவர், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காக சன்ஃபீஸ்ட் மாரி லைட் பாக்கெட்கள் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று அச்சாகியிருந்தது. எண்ணிப் பார்த்தால் 15தான். விஷயம் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போனது. 2023-ல், ஐ.டி.சி நிறுவனம் அவருக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு தரணும்னு உத்தரவே வந்தது. ஒரே ஒரு பிஸ்கட்டுக்கு!

பிஸ்கட்டை யார் வேணும்னாலும் எண்ணிடலாம். ஆனா உறையில் 'ஹோல் கிரெய்ன்', 'மல்ட்டி கிரெய்ன்', 'டைஜஸ்டிவ்', 'ராகி'னு கதிர் படமெல்லாம் போட்டு விற்கிறாங்களே, அதுக்குள்ளே தானியம் எவ்வளவு? அதை எண்ண முடியாது. பாக்கெட்டைத் திருப்பித்தான் படிக்கணும்.

இது சிட்டி சூப்பர் மார்க்கெட் விவகாரம் மட்டும் இல்லை. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போற ரோட்டில் இருக்கிற கருவேப்பிலங்குறிச்சி மாதிரியான ஊர்களின் மளிகைக்கடை வரைக்கும் இந்த வகை பிஸ்கட் வந்தாச்சு. வாங்கறவங்க பெரும்பாலும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "அப்பாவுக்கு சுகர், அதான் இதை வாங்கறோம்." 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. அதாவது, ஏழு பேரில் ஒருத்தர். அவங்க தட்டில் பாதி மருந்து மாதிரி வந்து உட்கார்ந்திருக்கு இந்த பிஸ்கட். அதனாலதான் இதை கொஞ்சம் நோண்டிப் பார்க்கணும்.

முதல் பெயர் யாருடையது?

உள்ளடக்கப் பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் எழுதணும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி. முதலில் இருப்பது 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்றால், அது மைதா. பெயரில் 'வீட்' இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. முழுக்கோதுமை என்றால் 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்று இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எத்தனை சதவிகிதம்னும் பல பாக்கெட்களில் போட்டிருப்பாங்க. எழுத்து எறும்பு சைஸில்தான் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்க, வேலை முடிஞ்சது.

ராகி பிஸ்கட், சிறுதானிய குக்கீஸ் எல்லாத்துக்கும் இதே டெஸ்ட்தான். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு வந்ததும் வந்தது, எங்கு பார்த்தாலும் மில்லட் குக்கீஸ். ராகியின் பெயர் லிஸ்ட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் தாண்டி நாலாவதாக வந்தால், அது ராகி வாசம் பட்ட மைதா பிஸ்கட். அவ்வளவே.

ஒரு சின்ன கணக்கு

லேபிளில் சதவிகிதம் இல்லையா? நார்ச்சத்தை வெச்சே கண்டுபிடிக்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கோதுமை ஆட்டாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. மைதாவில் 3 கிராம்கூட இல்லை. இந்த வகை பிஸ்கட்டில் 100 கிராமுக்குக் கொழுப்பு ஏறக்குறைய 20 கிராம், சர்க்கரை 15 முதல் 20 கிராம் என்று வைத்தால், மாவுக்கு மிஞ்சுவது 60 கிராம் சொச்சம். அந்த 60 கிராமும் ஆட்டாவா இருந்தா நார்ச்சத்து 7 கிராமுக்குக் கிட்டே வரணும். மொத்தமும் மைதா என்றால் ஒன்றரை, இரண்டு கிராம்தான். லேபிளில் 3 கிராம் என்று இருந்தால்? மாவில் கால் பங்குதான் முழுக்கோதுமை, மீதி முக்கால் பங்கு மைதா!

இதில் ஒரு சுவாரஸ்யம் பாருங்க. 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தாலே 'நார்ச்சத்து உள்ளது' என்று உறையில் சொல்லிக்கொள்ள விதி இடம் தருது. 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து நிறைந்தது' என்றே போடலாம். பொய்யே சொல்லாமல் பெருமை பேசிக்கலாம்!

ஒரு விதிவிலக்கு. கோதுமைத் தவிட்டில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. மைதாவில் கொஞ்சம் தவிடு கலந்தாலே எண் ஏறிடும். நார்ச்சத்து கிடைப்பது நல்லதுதான், ஆனா முழுதானியத்தின் முளைப் பகுதியில் இருக்கிற வைட்டமின்கள் அதில் வராது. லிஸ்ட்டில் 'வீட் பிரான்' இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அப்போ முழுக்க ஆட்டா என்றால் ஓகேவா?

மைதாவைவிட மேல். ஆனால், பிஸ்கட் பிஸ்கட்தான். மொறுமொறுப்புக்குக் கொழுப்பு வேணும். அது பெரும்பாலும் பாமாயில், அதில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன் போட்டாலும் உடம்பின் கணக்கில் அதுவும் சர்க்கரைதான். 'இன்வெர்ட் சிரப்', 'லிக்விட் குளுக்கோஸ்' என்று தனித்தனியா எழுதினா ஒவ்வொண்ணும் லிஸ்ட்டில் கீழே போயிடும். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க.

'சுகர் ஃப்ரீ' என்றால் பல நேரம் மால்டிடால் மாதிரியான பாலியால்கள் இருக்கும். வயிற்றைக் கலக்கலாம் என்ற எச்சரிக்கை அதே லேபிளில் இருக்கும், தேடிப் பாருங்க. மாவு எப்படியும் குளுக்கோஸா மாறத்தான் போகுது. 2024-ல் வந்த ஐ.சி.எம்.ஆர் உணவு வழிகாட்டியும் இதைத்தான் எச்சரிக்குது: சுகர் ஃப்ரீ பண்டங்களில் கொழுப்பும் மைதாவும் மறைமுக சர்க்கரையும் நிறைய இருக்கலாம்.

'டைஜஸ்டிவ்' என்ற பெயருக்கும் பெருசா அர்த்தம் இல்லை. 19-ம் நூற்றாண்டு பிரிட்டனில், சோடா உப்பு ஜீரணத்துக்கு நல்லதுன்னு நம்பி வெச்ச பெயர். மெக்விட்டிஸ் தன் டைஜஸ்டிவை 1892-ல் கொண்டுவந்தது. சூளையில் வெந்த பிறகு அந்த சோடா உப்பு அதே வடிவில் மிஞ்சறதில்லை.

இப்போ டீ டைமுக்கு வருவோம். ஒரு டைஜஸ்டிவ் சுமார் 15 கிராம், 70 கலோரி. லேபிளில் 'ஒரு சர்விங்' என்று ஒண்ணு ரெண்டு பிஸ்கட்டுக்குத்தான் கணக்கு இருக்கும். டீயில் நனைச்சு சாப்பிடறவங்க யாராவது ஒண்ணோட நிறுத்துவாங்களா? நாலு உள்ளே போனால் 280 கலோரி, 12 கிராம் கொழுப்பு, 10 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கே சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கணும் என்பது ஐ.சி.எம்.ஆர் அறிவுரை. டீயில் போட்ட ரெண்டு ஸ்பூனையும் சேர்த்தா, சாயங்காலத்துக்குள்ளேயே முக்கால்வாசி காலி.

அதே டீயோட ஒரு கைப்பிடி, 30 கிராம் வறுத்த வேர்க்கடலை எடுத்துக்கிட்டால்? சுமார் 170 கலோரி, 7 கிராம் புரதம், 3 கிராம் நார்ச்சத்து, சேர்த்த சர்க்கரை பூஜ்யம். கருவேப்பிலங்குறிச்சிக்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி. வி.ஆர்.ஐ என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் உருவானதே பக்கத்து விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான். கடலைக்கு அலர்ஜி இருக்கிறவங்களும், உப்புக் கடலை வாங்கற பிளட் பிரஷர்காரங்களும் மட்டும் கவனம்.

அப்பாவுக்கு பிஸ்கட்தான் வேணும்னா ரெண்டு எடுத்து வெச்சுட்டு, பாக்கெட்டை உள்ளே வெச்சுடுங்க. டீயில் சர்க்கரை வேண்டாம்.