சராசரிக்கு அடங்காத உடம்புகள்

1971இல் புணேயிலிருந்து ஓர் எண் நாடெங்கும் பரவியது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,250 கலோரி. கோகலே அரசியல் பொருளியல் நிறுவனத்தின் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் அந்த அளவு உணவு கிடைக்கும் வாழ்க்கைக்கு ஆகும் செலவைக் கோடாகக் கிழித்தார்கள். 1960-61இல் கிராமத்தாரில் 40 விழுக்காட்டினரும் நகரத்தாரில் 50 விழுக்காட்டினரும் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தார்கள் என்று கணக்குக் காட்டினார்கள். நாட்டின் வறுமை பற்றிய விவாதமே அதன்பின் மாறிப்போனது. சில ஆண்டுகளில் அதே ஊரில் குடியிருந்த இன்னொருவர், உலகறிந்த புள்ளியியலாளர், அந்த எண்ணைப் பயன்படுத்திய முறையே தவறு என்றார். ஒரு சராசரியை எடுத்துத் தனித்தனி உடம்புகளின் மேல் வைத்து அளக்கலாமா என்பதுதான் அவர்களுக்கு இடையே இருந்த வழக்கு. கணிதத்தையும் மருத்துவத்தையும் இணைத்த ஆராய்ச்சிக்குப் புணே கொடுத்தது என்ன என்று கேட்டால், பலரும் வைரஸ் ஆய்வகத்தையும் தடுப்பூசி ஆலையையும் சூப்பர் கம்ப்யூட்டரையும் காட்டுவார்கள். அவற்றின் பெருமை குறையாது. ஆனாலும் அந்த ஊரின் ஆழமான கொடை, சராசரி எதை மறைக்கிறது என்று பல பத்தாண்டுகள் விடாமல் நடந்த அந்த வாதம்தான் என்பது என் துணிபு.

அந்த வாதம் புணேயில் மூண்டதற்குக் காரணங்கள் உண்டு. 1885இல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரி கணிதத்துக்குப் பேர்போனது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899இல் முதலிடம் பெற்ற முதல் இந்தியரான ஆர்.பி. பராஞ்ச்பே, தேடிவந்த பெரிய பதவிகளை விட்டு அந்தக் கல்லூரிக்கே திரும்பி வந்து முதல்வரானார். வி. ராமசுவாமி அய்யர் 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதச் சங்கத்தை, ராமானுஜனின் முதல் கட்டுரையை வெளியிட்ட சங்கம் என்றே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் நூலகம் பல ஆண்டுகள் இருந்தது புணேயில், ஃபெர்குசன் கல்லூரியில். வெளிநாட்டுக் கணித இதழ்கள் அங்கே வந்து சேரும், அங்கிருந்து தபாலில் ஊர் ஊராக உறுப்பினர்களின் வீட்டுக்குச் சுற்றுக்குப் போகும். அந்த நூலகம் பிறகுதான் சென்னைக்கு வந்தது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே 1930இல் கோகலே நிறுவனம் எழுந்தது. அதன் முதல் இயக்குநர் டி.ஆர். காட்கில் புணே நகரக் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். 1953இல் தாண்டேகரும் குமுதினி தாண்டேகரும் புணே மாவட்டத்தின் பிறப்பு இறப்புகளை ஆராய்ந்து நூலாக்கினார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்களும் கிராமத்துக்குப் போய் எண்ணிவரத் தெரிந்தவர்களும் ஒரே வட்டாரத்தில், ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கும் தூரத்தில் இருந்தார்கள்.

டி.டி. கோசாம்பியை இந்திய வரலாற்றை மாற்றி எழுதியவராகத் தமிழர்கள் அறிவார்கள். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அவர் ஃபெர்குசனில் கணித ஆசிரியர். பழைய வெள்ளி முத்திரைக் காசுகளைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தார். கைமாறக் கைமாறக் காசு தேயும், அதனால் சராசரி எடை இறங்கும். அதோடு, காசுக்குக் காசு எடை வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும் என்று அவர் காட்டினார். எந்தக் காசு அதிகக் காலம் புழங்கியது என்பதை அந்தச் சிதறலிலிருந்தும் படிக்கலாம். அதே மனிதர் 1944இல் மரபியலுக்கு நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தார். ஒரே குரோமோசோமில் மூன்று மரபணுக்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலுக்கும் இரண்டுக்கும் இடையே மறுசேர்க்கை 20 விழுக்காடு, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 20 விழுக்காடு. முதலுக்கும் மூன்றுக்கும் இடையே 40 என்று கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு இடத்திலும் குறுக்கேற்றம், அதாவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது, நடந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று மரபியலாளர் ஹால்டேன் எடுத்துக்கொண்ட வழியில் விடை 32. ஓரிடத்தில் நடந்தால் பக்கத்தில் நடப்பது குறையும் என்ற உண்மையைக் கோசாம்பி சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார், விடை 34.5 ஆனது. சிறிய திருத்தம்தான். இன்றும் மரபணு வரைபடம் தீட்டும் கணினி நிரல்களில் கோசாம்பியின் பெயரிலேயே அந்தச் சார்பு இருக்கிறது. நெல் ஆய்வாளரும் மனித நோய் ஆய்வாளரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோன நிகழ்வுகள் உண்டு என்ற எச்சரிக்கைதான் அதன் சாரம்.

தாண்டேகரை மறுத்தவர் பி.வி. சுகாத்மே. சாத்தாரா மாவட்டத்தில் பிறந்து, ஃபெர்குசனில் படித்து, லண்டனில் புள்ளியியல் கற்று, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளிவிவரப் பிரிவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பின் புணேக்குத் திரும்பியவர். அவருடைய வாதத்தின் முதல் பாதியை மறுக்க முடியாது. ஒரு கிராமத்தில் எல்லோரும் வயிறார உண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் தேவை அதிகம், ஒருவரின் தேவை குறைவு. சராசரி 2,400 கலோரி. இப்போது 2,400க்குக் கீழே உண்பவரெல்லாம் பசித்தவர் என்று கோடு கிழித்தால், ஒருவர்கூடப் பசித்திராத அந்தக் கிராமத்தில் பாதிப்பேர் பட்டினிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே கோட்டைச் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கீழே இறக்க வேண்டும் என்றார். வாதத்தின் இரண்டாம் பாதி அவ்வளவு உறுதியானதல்ல. ஒரே மனிதர் உண்ணும் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது, எடை மாறுவதில்லை, எனவே உடம்பு தன்னைத்தானே சரிக்கட்டிக்கொண்டு குறைந்த உணவிலும் திறமாக இயங்கும் என்று அவரும் ஷெல்டன் மார்கனும் 1982இல் எழுதினார்கள்.

தாண்டேகர் 1981இலேயே பதில் சொல்லிவிட்டார். நாம் கணக்கிடுவது ஒரு மனிதரின் ஒரு வாரத்தை அல்ல, வருமானப் படியில் அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை. குடும்பம், கூட்டம் என்று சேர்க்கும்போது தனிமனித ஏற்ற இறக்கம் தணிந்துபோகும். படியில் கீழே போகப்போக உணவு குறைவது உடம்பின் சுயகட்டுப்பாட்டால் அல்ல, கையில் காசில்லாததால். என் பார்வையில் இந்தப் பதில் நிற்கிறது. சிதறலை மதிக்கச் சொன்ன சுகாத்மே, எந்தச் சிதறல் இயற்கையானது, எது இல்லாமையால் வந்தது என்று பிரித்துக் காட்டவில்லை. அதன் விளைவு விரைவில் தெரிந்தது. அவர் தொகுத்து, புணேயின் மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1982இல் வெளியிட்ட நூலில், டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கருதுகோளை வைத்தார். வளர்ச்சி ஓரளவு குன்றிய குழந்தைகளில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர், சிறிய உடலோடு நலமாகத் தகவமைந்தவர்கள் என்பது அது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் கடுமையாக எதிர்த்தார். ஏழைக்குச் சிறிய உடம்பு போதும் என்று சொல்லும் அறிவியல், பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதையே சொல்லுமா என்பது அவர் எழுப்பிய கேள்வியின் உட்கிடை.

இங்கே ஒரு தடை எழும். சராசரியைச் சந்தேகித்ததன் பலன் வறுமைக் கணக்கைச் சுருக்கியதுதான் என்றால், அதை எப்படிக் கொடை என்பது? கோட்டை இறக்கியதும் இலட்சோபலட்சம் பேர் ஏழைகள் பட்டியலிலிருந்து காகிதத்தில் மறைந்துபோவார்கள் என்பது உண்மை. அந்த ஆபத்தைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால் சுகாத்மே அங்கே நிற்கவில்லை. வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் தின்றதை உடம்பில் ஒட்டவிடுவதில்லை, ஆகையால் சோற்றோடு சுத்தமான தண்ணீரும் கழிப்பிடமும் கொடுத்தால்தான் ஊட்டம் சேரும் என்று ஓயாமல் சொன்னார். கலோரியை மட்டும் எண்ணிய எவரும் அதை அந்த அளவுக்கு வற்புறுத்தவில்லை. மேலும், கேள்வி சரியாக இருந்து பதில் பிழையானால், அடுத்து வருபவர் திருத்துவதற்கு அது இடம் தரும். செக்லரின் கருதுகோள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று. சிறிய உடம்பு உண்மையிலேயே நலமான உடம்பா? அதைச் சொல்ல ஒரு தராசு போதாது.

சோதனை நடந்ததும் புணேயில்தான். கே.ஈ.எம். மருத்துவமனையை பானு கோயாஜி 1970களில் வடு என்ற கிராமத்தின் பக்கம் கொண்டுபோயிருந்தார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமத்துக்குப் போகும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அதே மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் 1993இல் புணே அருகே ஆறு கிராமங்களில் தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். களப்பணியாளர்கள் மாதந்தோறும் வீட்டுக்குப் போய் மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் குறித்தார்கள். கருவுற்றது அப்போதுதான் தொடக்கத்திலேயே தெரியும். குழந்தை பிறந்து 72 மணி நேரத்துக்குள் எடை, நீளம், தலைச்சுற்று, வயிற்றுச்சுற்று, கைச்சுற்று எல்லாம் அளந்தார்கள். காலிப்பரால் கையிலும் முதுகிலும் தோலை மடித்துப் பிடித்து அதன் தடிமனையும் எடுத்தார்கள். 1897இல் பிளேக் வந்தபோது இதே புணேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து உடம்புகளைச் சோதித்தார்கள். அந்தக் கொதிப்பில்தான் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நூறாண்டுக்குள் ஒரு பெண் தன் மாதவிலக்குத் தேதியை நம்பிச் சொல்லும் நிலை வந்தது என்றால், அந்த நம்பிக்கையைப் பெற்றதும் ஆராய்ச்சியின் பகுதிதான்.

2003இல் வெளிவந்த ஒப்பீட்டில் புணே கிராமங்களின் 631 குழந்தைகளும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த 338 குழந்தைகளும் இருந்தார்கள். இங்கே சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. எடையோடு நின்றிருந்தால் நம் குழந்தை சின்னது என்பதோடு கதை முடிந்திருக்கும். ஒவ்வோர் அளவையும் சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. எடையில் 1.74 அலகு குறைவு, வயிற்றுச்சுற்றில் 2.38, தலைச்சுற்றில் 1.21. முதுகுத் தோல்மடிப்பில் மட்டும் வெறும் 0.53. தசையும் உள்ளுறுப்புகளும் இழந்ததை, தோலுக்கடிக் கொழுப்பு இழக்கவில்லை. மெலிந்த, ஆனால் கொழுப்புள்ள குழந்தை. அடுத்த ஆண்டு யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தமிழ்நாட்டில் ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை நோய் வருவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறியதும் நலமே என்ற கருதுகோளுக்கு அந்தத் தோல்மடிப்பு அளவு சொன்ன பதிலுக்கு நிகரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. குறைந்த உணவுக்கு உடம்பு தகவமைகிறது என்பதுவரை சுகாத்மே சரி. அதற்கு உடம்பு ஒரு விலை கொடுக்கிறது, அந்த விலை வளர்ந்த பிறகு வசூலாகிறது என்பதை அவருடைய கணக்கு பார்க்கவில்லை.

இவர்களெல்லாம் தொடர்பற்ற தனி ஆட்கள், இதை ஒரு மரபு என்பது பின்னால் கட்டிய கதை என்று ஒருவர் சொல்லலாம். பாதி நியாயம் உண்டு. சுகாத்மே ஃபெர்குசனைவிட்டுப் போன பிறகுதான் கோசாம்பி அங்கே ஆசிரியராக வந்தார். யாஜ்னிக்கின் ஆய்வுக்கு உடனடித் தூண்டுதல், கருவில் கிடைக்கும் ஊட்டம் பிற்கால நோய்க்கு வித்திடுகிறது என்று சவுத்தாம்ப்டனின் டேவிட் பார்க்கர் வைத்த கருத்து. குரு சீடர் வரிசை ஒன்றும் நான் காட்டவில்லை. ஆனால் வீட்டுக் கணக்கெடுப்பு, கிராம மருத்துவம், கணித இதழ், உள்ளூரிலேயே மறுத்துப் பேச ஆள் என்று எல்லாம் ஒரே ஊரில் வாய்த்தால் இப்படிப்பட்ட கேள்வி திரும்பத் திரும்ப எழும். இன்னொரு தடை, கணினியை மறந்துவிட்டேன் என்பது. 1988இல் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் புணேயில் தொடங்கி, விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 உருவானது. டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளை இணைத்து இந்தியா தானே கட்டிய இணைக் கணினி அது. பெரிய சாதனை. ஆனால் எவ்வளவு வேகமான இயந்திரமும் தோல்மடிப்பை அளக்கவில்லையென்றால் அதைப்பற்றி எதுவும் சொல்லாது. 2020 ஜூலை, ஆகஸ்டில் கோவிட் மாதிரிகள் நாடெங்கும் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, புணேயின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமான ஐசரும் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகமும் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஐந்து வட்டங்களில் இரத்தம் எடுத்துப் பார்த்தன. மொத்தத்தில் 51.5 விழுக்காட்டினருக்கு நோய் வந்துபோன தடயம் இருந்தது. வட்டத்துக்கு வட்டம் அது 36இலிருந்து 65 வரை மாறியது. கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் தெளிவாகக் கூடுதல். தண்ணீரையும் கழிப்பிடத்தையும் பார் என்ற சுகாத்மேயின் குரல் அந்த அட்டவணையில் கேட்கிறது.

யாஜ்னிக் குழு அந்த ஆறு கிராமத் தாய்மாரின் இரத்தத்தில் இன்னொன்றையும் கண்டது. பெரும்பாலோருக்கு வைட்டமின் பி12 குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்த தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்று 2008இல் வெளியிட்டார்கள். கலோரிக் கணக்கு எதுவும் இதைக் காட்டியிருக்காது. 2012இல், அந்த ஆய்வில் பிறந்து வளரிளம் பருவத்தை எட்டியிருந்த பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், அவர்கள் பெற்றோராவதற்கு முன்பே நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் பி12 கொடுத்துப் பார்க்கும் சோதனை அந்தக் கிராமங்களில் தொடங்கியது. அளக்க எண்ணியது அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளை.