குழந்தைப் பல் சிகிச்சையில் வலித் தணிப்பு

சூத்தைப் பல்லை அடைக்கும்போதும் கழற்றும்போதும், அதன் பின்னரும், குழந்தைக்கு உண்டாகும் நோவையும் அந்த நோவைப் பற்றிய பயத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவதே குழந்தைப் பல் சிகிச்சையில் வலித் தணிப்பு எனப்படும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. பயந்த குழந்தைக்கு வெறும் அழுத்தமும் வலியாகவே படும்.

இலங்கை வீடுகளில் பல்லுக்கொதிக்கு முதல் மருந்து கராம்பு எண்ணெய்தான். அதிலுள்ள இயூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும். அதையே துத்தநாக ஒட்சைட்டுடன் குழைத்துப் பல் மருத்துவரும் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. கலப்பில்லாத எண்ணெயை நேராகத் தடவினால் குழந்தையின் முரசு வெந்துவிடும்.

மேலைநாட்டில் மயக்க மருந்தின் தொடக்க வரலாற்றில் பல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஒட்சைட் வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்குவித்துக்கொண்டார். பின்னர் வந்த குளோரோபோம் 1848இல் இங்கிலாந்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைக் குடித்தது. 1884இல் கொக்கெயினும், 1905 அளவில் புரோகெயினும் ஊசிவழி விறைப்பைக் கொண்டுவந்தன. சுவீடனில் 1943இல் உருவாகி 1948இல் விற்பனைக்கு வந்த லிக்னோகெயின் இன்றுவரை முதலிடத்தில் உள்ளது.

இலங்கையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மருந்தன்று, ஆளணியே. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் பாடசாலைப் பல் சேவை அமைந்தது. மகரகமவில் பயிற்சி பெற்ற பெண்கள் பாடசாலைச் சிகிச்சை நிலையங்களில் அமர்ந்து, பற்களை அடைத்தும் பாற்பற்களைக் கழற்றியும் வந்தனர். இதற்கு முன்மாதிரியான, 1921இல் தொடங்கிய நியூசிலாந்துச் சேவையின் நிலையங்களை அந்நாட்டுச் சிறுவர்கள் 'கொலைவீடு' என்றே அழைத்தார்கள். மெதுவாகச் சுழலும் துளைகருவியால், பெரும்பாலும் விறைப்பூசி இல்லாமலே, பல்லைக் குடைந்ததன் பலன் அது. 1957இல் வந்த அதிவேகக் காற்றுச் சுழலி அந்த வேதனை நேரத்தை வெகுவாகக் குறைத்தது.

ஊசி போடுவதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. முரசைத் துடைத்து உலர்த்தி, மரக்கும் களியைத் தடவி, ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். கன்னத்தை இழுத்துப் பிடித்து, ஊசி குழந்தையின் கண்ணில் படாதபடி கீழாகக் கொண்டுவந்து, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். சிறுவரின் கீழ்த்தாடையில் நரம்பு நுழையும் துவாரம் பெரியவருக்கு இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதால் ஊசியையும் தாழ்த்தியே குத்துவர். அளவில் பிசகக் கூடாது. லிக்னோகெயினுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் உச்ச வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 66 மில்லிகிராம். 1.8 மில்லிலீற்றர் கொண்ட 2 சதவீதக் குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு குப்பிகளை முழுதாகச் செலுத்தினாலே வரம்பு மீறிவிடும்.

பயத்தைத் தணிக்க, முதலில் சொல்லி, பின் காட்டி, அதன் பிறகே செய்யும் முறை 1959 முதல் பாடநூல்களில் இடம்பெற்றது. 'பல்லை நித்திரையாக்கப் போறம்' என்ற பேச்சு இதன் பாற்பட்டது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாதபோது, கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வரும் தமிழ்க் குழந்தைக்கு இந்தப் பேச்சு தாய் வழியாகவே போய்ச் சேரும். குழப்படி செய்தால் ஊசி போடுவிப்பேன் என்று வீட்டில் மிரட்டி வளர்த்த தாயின் வாயிலிருந்து வரும்போது அதற்குப் பாதி வலுவே மிஞ்சும்.

மிகச் சிறிய குழந்தைகள், ஒத்துழைக்க இயலாத குறைபாடு உடையவர்கள், ஒரே நாளில் பல பற்களுக்குச் சிகிச்சை வேண்டுவோர் ஆகியோருக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற, மயக்க மருந்து நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள இடங்களே அதற்கு ஏற்றவை. பிரித்தானியா 2001 முடிவோடு, வைத்தியசாலைக்கு வெளியே பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

அண்மைக்காலப் போக்கு, வலி எழவே இடந்தராத சிகிச்சையை நாடுகிறது. 1980களில் தன்சானியாவில் உருவான முறையில் துளைகருவி இல்லை. கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டிவிட்டு அடைத்துவிடுவார்கள். சில்வர் டயமைன் புளோரைட்டைத் தடவினால் சூத்தை பரவாமல் நிற்கும். ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சிகிச்சை முடிந்த பின் உதட்டு விறைப்பு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அதற்குள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கும் குழந்தைகள் பலர். விறைப்பு நீங்கும்வரை உணவு கொடுக்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் வேலை. வலிக்கு எடைக்கேற்ற பரசிற்றமோல் போதும். சிறுவருக்கு அஸ்பிரின் கொடுப்பதில்லை. கொழும்பில் டெங்கு ஓய்வதில்லை என்பதால், காய்ச்சலுள்ள குழந்தைக்கு இபுபுரோபனும் கொடுக்கக் கூடாது. அது இரத்தக்கசிவைக் கூட்டும்.